புதுச்சேரியில் இருந்து நியூசிலாந்து போன கேப்டன் சுர்வில்: மவோரி டாட்டூவுக்கும் லாஸ்பேட்டைக்கும் என்ன தொடர்பு?

கையில் தோள்பட்டை முதல் முழங்கை வரை கறுப்பு நிறத்தில் சுருள் சுருளாக ஓடும் டாட்டூவை இப்போது புதுச்சேரியில் எங்கே பார்த்தாலும் பார்க்கலாம். ஜிம், பீச் ரோடு, ஐடி அலுவலகம், கல்லூரி வாசல் என எல்லா இடத்திலும் இருக்கிறது. டாட்டூ கடைகளில் இதை ‘ட்ரைபல்’ என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ‘மவோரி டிசைன்’ அல்லது ‘பாலினேசியன் டிசைன்’ என்பார்கள். ஹாலிவுட் நடிகர் டுவெய்ன் ஜான்சன் மாதிரி வேணும் என்று போனில் படத்தைக் காட்டிக் கேட்பவர்களும் உண்டு.

அந்தச் சுருள்களுக்குச் சொந்தக்காரர்கள் வாழ்வது பசிபிக் கடலில், நம்மிடம் இருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. ஆனால் 1769ஆம் ஆண்டிலேயே புதுச்சேரியில் இருந்து கிளம்பிய ஒரு கப்பல் அவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் கேப்டன் பெயர் ழான் பிரான்சுவா மரி த சுர்வில். அதில் பணம் போட்ட பங்குதாரர்களில் ஒருவர்தான் லாஸ்பேட்டைக்குப் பெயர் தந்தவர் என்று சொல்லப்படும் ‘லா’. நியூசிலாந்து வரலாற்றில் சுர்வில் தவிர்க்க முடியாத பெயர். அவர் கிளம்பிய ஊரான இங்கே அவரை அநேகமாக யாருக்கும் தெரியாது.

யார் இந்த சுர்வில்? அங்கே போய் என்ன செய்தார்? அதற்கும் இன்றைய டாட்டூவுக்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

பத்து வயதில் கப்பல் வேலை

சுர்வில் பிறந்தது 1717 ஜனவரி 18. ஊர், பிரான்ஸின் பிரித்தானி பகுதியில் உள்ள போர் லூயி என்ற துறைமுகம். பத்து வயதிலேயே பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். இன்றைய கணக்கில் ஐந்தாம் வகுப்புப் பையன். அந்தக் காலத்துத் துறைமுக ஊர்களில் அது சாதாரணம்.

அதன்பின் அவர் வாழ்க்கை முழுக்க இந்தியப் பெருங்கடலும் சீனக் கடலும்தான். துணி, மிளகு, தேயிலை ஏற்றிய கப்பல்களில் படிப்படியாக மேலே வந்தார். இடையில் இங்கிலாந்தோடு போர் மூண்டபோதெல்லாம் வணிகக் கப்பல் மாலுமிகளும் சண்டைக்குப் போக வேண்டியிருந்தது. சுர்வில்லும் போனார், ஆங்கிலேயர்களிடம் சிறைபிடிக்கவும் பட்டார். 1750இல் நாந்த் நகரில் கல்யாணம் நடந்தது. இரண்டு மகன்கள் பிறந்தார்கள்.

ஏழாண்டுப் போரில் அவர் நம் கரைக்கே சண்டைக்கு வந்தார். 1758இல் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் எதிரே கடலில் நடந்த மோதல்களில் பிரெஞ்சுக் கப்பற்படையோடு இருந்தார். வீரத்துக்காக பிரெஞ்சு அரசர் தரும் செயின்ட் லூயி சிலுவை விருதும் கிடைத்தது.

ஆனால் அந்தப் போரில் பிரான்ஸ் தோற்றது. 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து நகரத்தை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு 1765இல்தான் ஊர் திரும்பக் கிடைத்தது. அதைப் பொறுப்பேற்று, இடிபாடுகளின் மேல் மறுபடியும் கட்டியெழுப்பிய ஆளுநர்தான் ழான் லா த லோரிஸ்தோன்.

லாஸ்பேட்டையின் ‘லா’

இவர் லேசுப்பட்ட குடும்பம் இல்லை. பிரான்ஸின் பொருளாதாரத்தையே ஆட்டிப் படைத்த ஸ்காட்லாந்து நிதியாளர் ஜான் லாவின் தம்பி மகன். இவருக்கு 1768இல் புதுச்சேரியில் பிறந்த மகன், பின்னாளில் நெப்போலியனின் தளபதிகளில் ஒருவரானார். இன்று விமான நிலையமும் கல்லூரிகளும் உள்ள லாஸ்பேட்டை, இந்த ஆளுநரின் பெயரால் அமைந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

ஆளுநர் லா, வங்காளத்தில் இருந்த சந்தர்நாகூரின் பிரெஞ்சு நிர்வாகி ஷெவாலியே, கேப்டன் சுர்வில் மூவரும் வியாபாரக் கூட்டாளிகள் ஆனார்கள். கம்பெனியின் ஏகபோகம் சரிந்துகொண்டிருந்த நேரம் அது. இன்றைய மொழியில் சொன்னால் பழைய கார்ப்பரேட் மூடப்போகிறது, உள்ளே இருந்தவர்கள் சேர்ந்து ஒரு ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கிறார்கள். பிரான்ஸில் கட்டிய ‘சேன் ழான் பாப்டீஸ்த்’ என்ற பெரிய கப்பல் அவர்கள் கையில் இருந்தது.

முதலில் கிழக்காசியத் துறைமுகங்களில் சாதாரண வியாபாரம் செய்வதுதான் திட்டம். அதற்குள் ஒரு வதந்தி வந்தது. தென் கடலில் ஆங்கிலேயர்கள் பெரிய பணக்காரத் தீவு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். ஆங்கிலக் கேப்டன் வாலிஸ் 1767இல் தாஹித்தி தீவுக்குப் போய் வந்த உண்மைச் செய்தி, வாய் மாறி வாய் மாறி இந்தியாவுக்கு வரும்போது தங்கம் கொழிக்கும் தீவாக வீங்கியிருந்தது. ஆங்கிலேயர்கள் முந்துவதற்குள் நாம் போய்விட வேண்டும் என்று மூவரும் முடிவு செய்தார்கள். வங்காளத்தில் சரக்கு ஏற்றி, கரையோரமாக வந்து, 1769 ஜூன் 2 அன்று கப்பல் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியது.

கப்பலில் பிரெஞ்சு மாலுமிகளோடு லாஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகளும் இருந்தார்கள். அவர்களில் இரண்டு இளைஞர்களின் பெயர் கப்பல் பதிவேட்டில் இருக்கிறது. ஒருவர் புதுச்சேரியில் பிறந்த முகமது காசிம். இன்னொருவர் வங்காளத்தைச் சேர்ந்த நஸ்ரின். பெயர் தெரிந்த வகையில் நியூசிலாந்து கரைக்குப் போன முதல் இந்தியர்கள் இவர்கள்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

பயணம் எப்படிக் கெட்டது?

மலாக்கா தாண்டி, பிலிப்பைன்ஸுக்கு வடக்கே உள்ள பாஷி தீவுகளில் சில மாலுமிகள் ஓடிப்போனார்கள். அதற்கு ஈடாக சுர்வில் அந்தத் தீவுக்காரர்கள் மூவரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். அடுத்து சாலமன் தீவுகள். அங்கே தண்ணீருக்கும் உணவுக்கும் இறங்கியபோது சண்டை ஆகிவிட்டது. ஒரு சிறுவனைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஆள் குறைந்தாலும் தகவல் தேவைப்பட்டாலும் கரையில் ஒருவரைப் பிடித்துக்கொள்வது இந்தப் பயணத்தின் வழக்கமாகவே ஆனது.

கப்பலுக்குள் நிலைமை இன்னும் மோசம். ஸ்கர்வி பரவியது. வைட்டமின் சி கிடைக்காமல் ஈறு வீங்கி, பழைய காயங்கள் மறுபடி திறந்து, உடம்பு உள்ளுக்குள்ளேயே உடைந்துபோகும் நோய் அது. பச்சைக் காய்கறியும் பழமும்தான் மருந்து. நடுக்கடலில் அதற்கு எங்கே போவது? வரிசையாக ஆட்கள் இறந்தார்கள். நிலம் கிடைத்தால்தான் உயிர் என்ற நிலையில், நெதர்லாந்துக்காரர் டாஸ்மன் 1642இல் பார்த்துவிட்டு வந்த நியூசிலாந்தை நோக்கிக் கப்பலைத் திருப்பினார் சுர்வில்.

1769 டிசம்பர் 12 அன்று கரை தெரிந்தது. அதே வாரங்களில் அதே கடலோரத்தில் இன்னொரு ஐரோப்பியக் கப்பலும் சுற்றிக்கொண்டிருந்தது. அது ஜேம்ஸ் குக்கின் ‘எண்டெவர்’. புயல் காற்றில் இரண்டு கப்பல்களும் ஒன்றையொன்று பார்க்காமலேயே கடந்து போயின.

குக்கிடம் இருந்தது, சுர்வில்லிடம் இல்லாதது

குக் அந்த ஆண்டு தாஹித்தியில் மூன்று மாதம் தங்கிவிட்டு வந்திருந்தார். அவருடைய ஆட்களில் சிலர் அங்கேயே உடம்பில் குத்திக்கொண்டார்கள். அந்தக் கலைக்கு அங்கே ‘டடாவ்’ என்று பெயர். ஆங்கிலத்தின் ‘டாட்டூ’ அந்தச் சொல்லில் இருந்து பிறந்ததுதான். தாஹித்தியில் இருந்து துபாயா என்ற மதகுரு குக்கோடு கப்பலில் வந்தார். அவர் பேசியது மவோரிகளுக்குப் புரிந்தது. பாலினேசிய மொழிகள் ஒரே குடும்பம். கிட்டத்தட்ட தமிழும் மலையாளமும் மாதிரி. அப்படியிருந்தும் குக்கின் ஆட்களும் மவோரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனாலும் பேச ஒரு வழி இருந்தது.

சுர்வில்லிடம் அப்படி ஒருவரும் இல்லை. டிசம்பர் 17 அன்று நியூசிலாந்தின் வடக்கு முனையில் ஒரு விரிகுடாவில் நங்கூரம் போட்டார். தன் பங்குதாரரை மறக்கவில்லை. அந்த இடத்துக்கு லோரிஸ்தோன் விரிகுடா என்று பெயர் வைத்தார். ஆக, ஒரே மனிதரின் பெயர் லாஸ்பேட்டைக்கும் உண்டு, பசிபிக் கடலோர விரிகுடா ஒன்றுக்கும் இருந்தது. அங்கே அந்தப் பெயர் நிலைக்கவில்லை. சில நாள் முன்னால் அதைக் கடந்துபோன குக் வைத்த டவுட்லெஸ் விரிகுடா என்ற பெயரே இன்றும் வரைபடத்தில் இருக்கிறது.

ஊர் மக்கள் கப்பல்காரர்களைத் தண்ணீர் பிடிக்க விட்டார்கள். கீரையும் மீனும் கொடுத்தார்கள். கீரை தின்ற நோயாளிகள் தேறத் தொடங்கினார்கள். மொழி தெரியாத இரண்டு கூட்டங்கள் இரண்டு வாரம் அநேகமாகச் சண்டையில்லாமல் இருந்தன.

அந்த நாட்களில் கப்பல் அதிகாரிகள் தங்கள் குறிப்பேடுகளில் மவோரிகளின் தோற்றத்தை விவரமாக எழுதினார்கள். முகத்திலும் உடம்பிலும் கருநீலத்தில் செதுக்கிய கோடுகளும் சுருள்களும் அவர்கள் கண்ணில் படாமல் போகவில்லை. ஆனால் பார்த்ததை மட்டுமே எழுத முடிந்தது. அதன் பொருளைக் கேட்க மொழி இல்லை.

அந்தக் கோடுகளுக்கு என்ன பொருள்?

மவோரிகள் இதை ‘டா மோகோ’ என்பார்கள். நம் ஊர் ஊசி மாதிரி குத்துவது இல்லை. ஆல்பட்ராஸ் பறவையின் எலும்பில் செய்த சிறு உளியை வைத்து, சுத்தியலால் தட்டித் தோலைச் செதுக்குவார்கள். மரப் பிசினை எரித்த கரியை அந்தப் பள்ளத்தில் தேய்ப்பார்கள். ஆறிய பிறகு தோல் வழவழப்பாக இருக்காது, வரி வரியாகப் பள்ளம் தெரியும். ஆண்களுக்கு முகம், தொடை, பிட்டம். பெண்களுக்கு உதடும் முகவாயும்.

முகத்தில் இருப்பது அழகுக்கு மட்டும் அல்ல. எந்த வம்சம், எந்தக் குலம், என்ன தகுதி, என்ன சாதித்தவர் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒருவருடைய மோகோ அவருக்கு மட்டுமே உரியது. பின்னாளில் ஐரோப்பியர்கள் ஒப்பந்தப் பத்திரங்களை நீட்டியபோது, மவோரித் தலைவர்கள் பலர் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் மோகோவின் ஒரு பகுதியை வரைந்தார்கள். 1840ஆம் ஆண்டின் வைத்தாங்கி ஒப்பந்தத்திலும் அப்படிப்பட்ட அடையாளங்கள் உண்டு. நமக்கு ஆதார், பான் கார்டு, குடும்பப் பெயர், கையெழுத்து எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. அவர்களுக்கு எல்லாமே முகத்தில்.

ஒரு படகுக்காக ஒரு மனிதர்

டிசம்பர் 27 வாக்கில் பெரிய புயல் அடித்தது. கப்பல் பாறையில் மோதாமல் தப்பிக்க நங்கூரங்களை விட்டுவிட வேண்டியதாயிற்று. கரையில் இருந்த நோயாளிகளும் அவர்களோடு இருந்தவர்களும் கப்பலுக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு இடமும் உணவும் கொடுத்துப் பார்த்துக்கொண்டவர் ரங்கினுயி. நாட்டி காஹு குலத்தின் தலைவர்களில் ஒருவர்.

புயலில் கப்பலின் சிறு படகு ஒன்று அறுந்து கரை ஒதுங்கியது. ஊர் மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். கரையில் ஒதுங்குவது அந்தக் கரைக்காரருக்குச் சொந்தம் என்பது மவோரி வழக்கம். சுர்வில்லுக்கு அது திருட்டு. பேசித் தீர்க்க மொழியும் இல்லை, பொறுமையும் இல்லை. டிசம்பர் 31 அன்று ஆட்களோடு கரையேறினார். படகு கிடைக்கவில்லை. குடிசைகளுக்கும் தோணிகளுக்கும் வலைகளுக்கும் தீ வைத்தார்கள். ஒரு தோணியை எடுத்துக்கொண்டார்கள். அருகில் வந்த ஒருவரைப் பிடித்துக் கட்டிக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள்.

கப்பலில் ஏற்றிய பிறகுதான் அவரை மாலுமிகளில் சிலர் அடையாளம் கண்டார்கள். புயல் நாளில் சோறு போட்ட அதே ரங்கினுயி. தெரிந்த பிறகும் சுர்வில் அவரை இறக்கிவிடவில்லை. அன்றே கப்பல் கிளம்பிவிட்டது.

கேப்டன் அவரைத் தன் மேசையிலேயே சாப்பிட வைத்தார், அடிக்கவில்லை, மரியாதையாகத்தான் நடத்தினார் என்று குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் அது அவர் கேட்டு வந்த விருந்து இல்லையே. ஊரில் தினம் சாப்பிட்ட பெரணிக் கிழங்கு கிடைக்காமல் வாடினார். கப்பலைப் பிடித்திருந்த ஸ்கர்வி அவரையும் பிடித்தது. 1770 மார்ச் 24 அன்று, தென் அமெரிக்காவின் ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகள் தெரியும் நேரத்தில் ரங்கினுயி இறந்தார். உடல் கடலுக்குப் போனது. முன்னோர்களோடு சேர்த்து அடக்கம் செய்வதைப் பெரிதாக நினைக்கும் சமூகத்தில் பிறந்த ஒரு தலைவருக்கு நேர்ந்த முடிவு இது.

சுர்வில்லும் நீண்ட நாள் இருக்கவில்லை. தங்கத் தீவு கிடைக்கவில்லை. ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஸ்பெயின்காரர்களின் பெரு நாட்டில் உதவி கேட்கப் போனார். ஏப்ரல் 8 அன்று, முழுச் சீருடையும் செயின்ட் லூயி சிலுவையும் அணிந்து சில்கா கரைக்குச் சிறு படகில் கிளம்பினார். அலை படகைக் கவிழ்த்தது. 53 வயதில் மூழ்கி இறந்தார். கப்பலை ஸ்பெயின் அதிகாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அது பிரான்ஸுக்குத் திரும்பியபோது 1773. கிளம்பியவர்களில் பெரும்பகுதியினர் அதில் இல்லை. புதுச்சேரியின் காசிமும் வங்காளத்தின் நஸ்ரினும் அந்தப் பயணத்திலேயே ஸ்கர்வியில் இறந்துபோனார்கள்.

புயலில் விட்டுவந்த நங்கூரங்கள் மட்டும் அங்கேயே கிடந்தன. 1974இல் கெல்லி டார்ல்டன் குழுவினர் முக்குளித்து அவற்றில் இரண்டைக் கண்டெடுத்தார்கள். ஒன்று தலைநகர் வெலிங்டனின் டே பாப்பா அருங்காட்சியகத்திலும், இன்னொன்று வடக்கே கைடாயா ஊரிலும் இருக்கிறது.

தடையில் இருந்து டிரெண்டுக்கு

சுர்வில்லுக்குப் பிறகு மோகோவுக்கு வந்த காலம் இன்னும் கொடியது. மவோரிகள் தங்கள் பெரியவர்களின் பச்சை குத்திய தலைகளைப் பதப்படுத்திப் பாதுகாப்பது உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர்கள் அவற்றைத் துப்பாக்கிக்கு ஈடாக வாங்கி வியாபாரம் செய்தார்கள். பல தலைகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் காட்சிப்பொருளாகின. அவற்றைத் திருப்பித் தர பிரான்ஸ் 2010இல்தான் தனிச் சட்டம் போட்டது. 2012இல் 20 தலைகள் பாரிஸில் இருந்து நியூசிலாந்துக்குத் திரும்பின.

மிஷனரிகளின் எதிர்ப்பிலும் காலனி ஆட்சியிலும் ஆண்களின் முக மோகோ கிட்டத்தட்ட மறைந்தே போனது. பெண்களின் முகவாய் மோகோதான் 20ஆம் நூற்றாண்டு வரை தாக்குப்பிடித்தது. சமோவா தீவில் மட்டும் இடுப்பில் இருந்து முழங்கால் வரை குத்தும் ‘பேஆ’ விட்டுப்போகாமல் தொடர்ந்தது. டுவெய்ன் ஜான்சனின் தோளில் இருப்பது இந்த சமோவா மரபின் சாயல். அவருடைய அம்மா வழி சமோவாதான்.

1980களில் மவோரி மொழி, உரிமை இயக்கங்களோடு மோகோவும் திரும்பி வந்தது. 2016இல் நனையா மஹுதா முகவாய் மோகோவோடு நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் உறுப்பினரானார். 2020இல் அவரே வெளியுறவு அமைச்சர்.

மறுபக்கம் உலகச் சந்தை. 2003இல் குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் முகத்தில் மவோரி சாயல் டாட்டூ வந்தது. அந்த டிசைனை ஒரு சினிமாவில் பயன்படுத்தியதற்காக, குத்திய அமெரிக்கக் கலைஞர் 2011இல் வார்னர் பிரதர்ஸ் மீது காப்புரிமை வழக்கே போட்டார். பிறகு சமரசம் ஆனது. இதில் மவோரிகள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எங்களிடம் இருந்து எடுத்த வடிவத்துக்கு வேறொருவர் எப்படி உரிமை கொண்டாட முடியும்?

அப்போ மவோரி டாட்டூ போடவே கூடாதா?

அப்படி யாரும் சொல்லவில்லை. மவோரிக் கலைஞர்களே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வம்சாவளியோடு சேர்ந்தது மோகோ. அது மவோரிகளுக்கு மட்டும். அதே பாணியில், யாருடைய வம்சக் கதையும் இல்லாமல், மற்றவர்களுக்காகப் புதிதாக வரைவது ‘கிரிடுஹி’. தோலில் வரைந்த கோலம் என்று பொருள் கொள்ளலாம்.

லாஸ்பேட்டையிலோ சென்னையிலோ ஊசிக்குக் கை நீட்டும் முன் கேட்க வேண்டியவை சில. இந்த டிசைன் யாராவது ஒரு மனிதரின் போட்டோவில் இருந்து காப்பி அடித்ததா, புதிதாக வரைந்ததா? முகத்துக்கும் முகவாய்க்கும் உரியதைக் கையில் போடுகிறோமா? அர்த்தம் இது என்று கடைக்காரர் சொல்வதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா? பதில் இல்லை என்றால் வேறு டிசைன் பார்க்கலாம்.

இந்த விஷயம் நமக்கும் புதுசில்லை. குறவர் சமூகப் பெண்கள் ஊர் ஊராக வந்து நம் பாட்டிகளின் கையில் கோலமும் தேளும் பெயரும் பச்சை குத்தினார்கள். அதைப் பட்டிக்காட்டு அடையாளம் என்று ஒதுக்கியவர்களும் நாம்தான். நாளைக்கு வேறொரு நாட்டில் யாரோ அந்தக் கோலத்தை ‘தமிழ் ட்ரைபல்’ என்று விற்றால், யாருடைய கையில் இருந்து எடுத்தீர்கள் என்று கேட்கத் தோன்றும் அல்லவா?

ரங்கினுயியின் ஊரில் அவர் கதையை அவர் வழிவந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அவரைக் கொண்டுபோன கப்பல் கிளம்பிய ஊர் புதுச்சேரி. அந்தக் கதை இங்கேயும் தெரிந்திருப்பது நல்லது.